கம்பெனி லேப்டாப்பில் கார் ரேஸ்

ஆறாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில் எனக்குப் பேச்சுத்துணைக்கு ஆள் கிடையாது. தெருவில் என் வயதுப் பெண்கள் இரண்டே பேர். ஒருத்தி வல்லத்தில் மாமா வீட்டுக்குப் போய்விட்டாள். இன்னொருத்தி என்னோடு டூ. நைனா மினி லாரி எடுத்துக்கொண்டு போனால் இருட்டித்தான் வருவார். அம்மா முன்னறையில் தையல் மிஷினே கதியென்று இருப்பாள். அண்ணன் மட்டும் வீட்டில் இருந்தான், ஆனால் சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம்.

அவனுக்குச் சென்னைக் கம்பெனி ஒன்றில் கட்டடப் படம் வரைகிற வேலை. வீட்டிலிருந்தே செய்யச் சொல்லி ஒரு லேப்டாப் கொடுத்திருந்தார்கள். அதற்கு ஒர்க்ஸ்டேஷன் என்று பெயர். அம்மா அதைப் பெருமையாகத் தெருவில் சொல்லப்போக, ‘ஸ்டேஷன் லேப்டாப்’ என்று பரவி, எதிர்வீட்டுக்காரர் தொலைந்துபோன சைக்கிளுக்குப் புகார் கொடுக்க எங்கள் வாசலில் வந்து நின்றார்.

பெரிய படங்களைத் திறந்தால் லேப்டாப்பின் விசிறி கத்தத் தொடங்கிவிடும். முன்னறை வரைக்கும் கேட்கும். அம்மாவுக்கு அந்தச் சத்தம் போதும். பிள்ளை வேலை செய்கிறான், ஒருத்தரும் கதவைத் தட்டக்கூடாது.

அதில் கார் ரேஸ் ஆடவேண்டும் என்று ஒரு வருஷமாக அண்ணனை நச்சரித்துக்கொண்டிருந்தேன். கம்பெனி மிஷின், கேம் போட்டால் திட்டுவார்கள் என்பான். அப்படிப்பட்டவன் மே மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலையில் அவனாகவே என்னைக் கூப்பிட்டான்.

“பாப்பா, கார் ரேஸ் ஆடலாமா?”

உள்ளே போனால் கேம் தயாராக இருந்தது. கேமுக்கென்று செய்த லேப்டாப் மாதிரி இது பறக்காது, கட்டடம் வரைவதற்காகச் செய்தது என்று முன்கூட்டியே சொல்லிவைத்தான். எனக்கு அதுவே பறப்பதாகத்தான் தெரிந்தது. திருப்பத்தில் மட்டும் கார் பின்னால் ஒரு நிழலை இழுத்துக்கொண்டு போகும். செங்கல் கனத்துக்கு இருந்த சார்ஜரைப் பிடுங்கினாலோ, கரண்டு போனாலோ, கார் மாட்டுவண்டி ஆகிவிடும். ஊரை ஒட்டிய கோட்டைப் பாறையின் அனலில் எங்கள் வீடே காய்ந்து கிடக்கும் மாதம் அது. கீபோர்டில் விரல் வைத்தால் சுடும்.

சத்தத்தைக் குறைக்க ஒரு வழி இருந்தது. அமைதி என்று ஒரு நிலையில் வைத்தால் விசிறி அடங்கிவிடும். ஆனால் கார் விக்கி விக்கிப் போகும். அண்ணன் எப்போதும் முழு வேகத்திலேயே வைத்திருந்தான். நான் சாப்பிடப் போனாலும் கேமை நிறுத்தமாட்டான், விசிறி கத்திக்கொண்டே இருக்கும். எல்லாம் என் கார் வேகமாகப் போகவேண்டும் என்பதற்காகத்தான் என்று எனக்கு ஒரே பெருமை.

காலையில் உட்கார்ந்தால் மத்தியானம் வரை, சாப்பிட்டுவிட்டு மறுபடி சாயங்காலம் வரை. சில சமயம் அவன் திரையைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பான். நான் ஜெயித்துவிடுவேன். அந்த நாட்களில் நான் தனியாக இல்லை. வேறெதுவும் எனக்குத் தோன்றவில்லை.

ஒருநாள் அவனுக்குப் போன் வந்து மாடிக்குப் போனான். இவ்வளவு சத்தம் போட்டால் நாங்கள் ஆடுவது அம்மாவுக்குத் தெரிந்துவிடாதா என்று எனக்குப் பயம். அவனுக்கு ஒத்தாசை செய்வதாக நினைத்து, அமைதிக்கு மாற்றினேன். கார் விக்கியது. படத்தின் தரத்தையும் குறைத்தேன். மரங்கள் வெறும் பச்சைப் பொட்டுகளாயின, ஆனால் கார் ஓடியது. விசிறி அடங்கிவிட்டது.

கொஞ்ச நேரத்தில் தையல் மிஷின் சத்தமும் நின்றது. அம்மா கதவைத் திறந்தாள். திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அதற்குள் அண்ணன் மாடியிலிருந்து இறங்கி வந்துவிட்டான்.

“இன்னாடா, வேல முடிஞ்சிட்டுதா?”

“வேல இல்லம்மா” என்றான்.

நல்ல பதில் என்று நினைத்தேன். இன்றைக்கு வேலை இல்லை, அதனால் ஆடுகிறோம், இதில் திட்ட என்ன இருக்கிறது? அம்மா திட்டவில்லை. கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். எத்தனை நாளாக என்று மட்டும் கேட்டாள். பத்துப் பன்னிரண்டு நாள் ஆகிறது என்றான். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். லீவு விட்டதற்கு யாராவது அழுவார்களா என்று எனக்கு எரிச்சலாக வந்தது. நைனாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன் என்று அம்மா சொன்னதும், கேம் விஷயம்தான் என்று நினைத்து, நான்தான் ஆடக் கூப்பிட்டேன் என்று பொய் சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அண்ணன் கேமை அழித்துவிட்டு, கம்பெனியில் திருப்பிக் கொடுக்க லேப்டாப்பைப் பையில் வைத்துக்கொண்டு சென்னைக்குக் கிளம்பினான். அங்கேயே நண்பனோடு தங்கப்போவதாகச் சொன்னான். நைனா அன்று வண்டி எடுக்காமல் என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார். வாழைப்பழமும் தண்ணீர் பாட்டிலும் வாங்கி ஜன்னல் வழியாகக் கொடுத்தார். இருவரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். லீவு முடிந்த துக்கம் என்னைப்போலவே அவர்களுக்கும் என்று நினைத்தேன்.

பஸ் நகரும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, என் ஆசையை எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

“அண்ணா, அங்கயும் வேல இல்லன்னா ஒடனே வந்துடு.”

அண்ணன் சிரித்தான், தலையை ஆட்டினான். நைனா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார். கை வலித்தது. நான் என்ன தப்பாகச் சொன்னேன் என்று வீடு வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தேன்.