ஏழாம் பாகத்தின் முதல் கதவு

ஆறாம் பாகத்தில் மாலுமியின் கைவிளக்கு அணைந்தபோது அண்ணி கொட்டாவி விட்டது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. காணாமற்போன தன் கப்பலைத் தேடித் தீவு தீவாகப் பழைய கோட்டைகளுக்குள் நுழையும் ஒருவனின் கதை, அந்தக் கணினி விளையாட்டு. முதல் பாகத்தில் அதே விளக்கு அணைந்தபோது அண்ணியின் நகம் என் மணிக்கட்டில் பதிந்திருந்தது. அண்ணி எங்கள் ரப்பர் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், வேலைக்குப் போகும் பெண்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டவர். நான் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்தேன். கொழும்பில் கணினி திருத்தும் கடையில் வேலை செய்த அண்ணன், பழைய கணினி ஒன்றைத் துண்டு துண்டாகக் கொண்டுவந்து தொழிலாளர் வரிசையில் இருந்த எங்கள் லயத்து வீட்டில் பூட்டியிருந்தார். சனிக்கிழமை ரயிலில் ரம்புக்கனையில் இறங்கும்போது சில வேளை பையில் புதுப் பாகம் இருக்கும்.

"ஒரே கோட்டை, ஒரே படி, அதே நாய். பேர மட்டும் மாத்தி விக்கிறாங்க" என்றார் அண்ணி அன்று. அண்ணன் விட்டுக்கொடுக்கவில்லை. "தண்ணி எவ்வளவு நல்லா ஆடுது பாரு" என்றார். "தண்ணியப் பாக்கவா நான் வெளையாடுறேன்? பயமே வரலீங்களே." நானும் அண்ணி பக்கம்தான். எந்த மூலையில் எது பாயும் என்று தெரிந்த பிறகு அதில் என்ன இருக்கிறது என்று மூவரும் சாப்பாடு ஆறும்வரை வாதாடினோம்.

அதற்கடுத்த சனிக்கிழமை அண்ணன் வரவில்லை. போர் கடைசிக் கட்டத்தில் இருந்த காலம் அது. கொழும்பில் தமிழ்ப் பையன்கள் தங்கும் அறைகளில் அடிக்கடி சோதனை நடக்கும். அண்ணனின் கைபேசி அணைந்திருந்தது. ஞாயிறு காலையில் அவரோடு தங்கியிருந்தவர் பேசினார். "ரவுண்டப்புல புடிச்சிட்டாங்க. அடையாள அட்டைய காட்டியும் விடல" என்று சொல்லிவிட்டு, எந்தப் பொலிஸ் நிலையம் என்பதை மட்டும் சொல்லித் தொடர்பைத் துண்டித்துவிட்டார். அண்ணி சேலை மாற்றினார். தோட்ட அலுவலகத்துப் பெரிய கிளாக்கர் வீட்டுக் கதவைத் தட்டி, பொலிஸிலிருந்து யாராவது கேட்டால் அண்ணன் இந்தத் தோட்டத்துப் பிள்ளைதான் என்று சொல்லும்படி கேட்டுக்கொண்டார். பிறகு இருவரும் ரயில் ஏறினோம். வழியெல்லாம் அவர் ஜன்னலுக்கு வெளியே பார்க்கவே இல்லை.

சிங்களவர் நடுவே மாவனல்லையில் பிறந்து வளர்ந்த அண்ணி, சிங்களத்தைச் சிங்களவர் போலவே பேசுவார். அதுவே அன்று வினையாகப் போயிற்று. மேசைக்குப் பின்னால் இருந்தவர் அவரை நிமிர்ந்து பார்த்து, தமிழச்சிக்கு இவ்வளவு நன்றாகப் பேச யார் சொல்லிக் கொடுத்தது என்று சந்தேகத்தோடு கேட்டார். "நான் இங்கதான் பொறந்தேன், மாத்தயா" என்று சிங்களத்திலேயே சொன்னார் அண்ணி. குரல் தடுமாறவில்லை. வெளியே வாங்கில் உட்காரச் சொன்னார்கள். உள்ளே ஒரு நீண்ட நடை, இரண்டு பக்கமும் மூடிய கதவுகள். ஏதாவது ஒன்று திறந்தால் இருவரும் எழுந்து நிற்போம். வேறு யாரோ வருவார்கள். ஒருமுறை உள்ளேயிருந்து ஓர் ஆண்குரல் கேட்டது. அது அண்ணனுடையதா இல்லையா என்று எங்களால் சொல்ல முடியவில்லை.

அப்போதுதான் அண்ணி உதடு அசையாமல் பேசத் தொடங்கினார். "ஒன்னாம் பாகம். வாசலத் தாண்டுனா எடது பக்கம் படி. படி முடிஞ்சா நாய் வரும்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும், "நாய் போனா சாவி, அண்ணி" என்றேன்.

"சாவி கெணத்துக்குப் பக்கத்துல."

இப்படியே கோட்டை கோட்டையாகப் போனோம். அடுத்தது என்ன என்று தெரிந்த இடமாக அந்நேரம் எங்களுக்கு அது ஒன்றுதான் இருந்தது.

பெரிய கிளாக்கரிடம் பேசி உறுதிப்படுத்திக்கொண்ட பிறகு, பிற்பகலில் அண்ணனை விட்டார்கள். செருப்பைக் கையில் பிடித்தபடி வந்தார். "வீட்டுக்குப் போவோம்" என்றார். உள்ளே என்ன நடந்தது என்பதை அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. ரயிலில் டிக்கெட் பார்ப்பவர் தோளைத் தொட்டபோது அவர் கைகள் தலைக்கு மேலே போயின. எதிரே இருந்தவர்கள் பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள். அதன் பிறகு அவர் கொழும்புக்குப் போகவில்லை. கேகாலையில் ஒரு கடையில் சேர்ந்தார்.

யுத்தம் முடிந்து சில மாதங்களில் ஏழாம் பாகம் வந்தது. சலித்துப்போன தொடருக்கு உயிர் வந்துவிட்டது, எல்லாவற்றையும் மாற்றிவிட்டார்கள் என்று கடைக்கு வந்த பையன்களெல்லாம் புகழ்ந்தார்களாம். ஒரு ஞாயிறு முற்பகலில், தகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருக்க, அண்ணி அதைப் போட்டார். கோட்டை இல்லை, கிணறு இல்லை. மாலுமி ஒரு நீண்ட நடையில் நின்றான். இரு பக்கமும் மூடிய கதவுகள். முதல் கதவுக்குப் பின்னால் யாரோ முனகுவது கேட்டது. அண்ணி விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"தெறக்காத" என்றது பின்னாலிருந்து அண்ணனின் குரல். அவர் வந்து நின்றது எங்களுக்குத் தெரியாது. மாலுமி கதவின் முன்னால் மூச்சு வாங்கிக்கொண்டே நின்றான். அடுப்பில் சோறு பொங்கி வழிந்தது. மூவரில் ஒருவரும் அடுப்படிக்குப் போகவில்லை. கடைசியில் அண்ணன்தான் வந்து சுவரிலிருந்த மின் இணைப்பைப் பிடுங்கினார்.

இப்போது அண்ணியின் மகளுக்குப் பதினேழு வயது. அவள் அந்தத் தொடரை முழுதாக விளையாடி முடித்தவள். முதல் ஆறும் சுத்த அறுவை, ஏழாவதுதான் விளையாட்டு என்பது அவள் தீர்ப்பு. அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன இருந்தது என்று கேட்டால் உடனே சொல்லிவிடுவாள். நாங்கள் யாரும் கேட்டதில்லை.