அரை டம்ளர் அரிசி

ஆரணியில் நான் தனியாகக் குடியிருந்தபோது, பக்கத்துப் போர்ஷனில் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர் இருந்தார். எவ்வளவு கழுவினாலும் அவர் விரல்களில் சிவப்பு போகாது. மனைவி இறந்த மறுமாதம் ஒரு எவர்சில்வர் டம்ளரோடு என் வாசலில் வந்து நின்றார்.

“எங்க வீட்ல இதுலதான் அரிசி அளந்துகினு இருந்தாங்க. நீங்களும் ஒண்டியாதான ஆக்கிக்கிறீங்க? ஒரு ஆளுக்கு எவ்ளோங்க போடணும்?”

“அரை டம்ளர் போதுங்க.”

அன்று சாயங்காலமே குண்டானில் சோறு கொண்டுவந்தார்.

“ஜாஸ்தியா ஆயிப்போச்சிங்க. சாப்புடுங்க.”

மறுநாளும் ஜாஸ்தியானது. அதற்கடுத்த நாளும்.

சாயப்பொடியைக் கரண்டியில் பிசகாமல் அளக்கிறவருக்கு அரை டம்ளர் மட்டும் ஏன் பிடிபடவில்லை என்று நான் கடைசிவரை கேட்கவில்லை. கேட்டால், மறுநாள் சரியாக அளந்துவிடுவார்.