காட்சிக் கூடத்தில் அம்மா செய்த அபிஷேகம்

என் தங்கை வாசுகி சுங்கைப்பட்டாணியில் மருந்தாளராக இருக்கிறாள். வெள்ளைக் கோட்டு, கண்ணாடித் தடுப்பு, அந்தப் பக்கம் நீண்ட வரிசை. "ஏன் இவ்ளோ லேட்டு?" என்பதைத் தவிர நாள் முழுக்க யாரும் அவளிடம் வேறு பேசுவதில்லை. வேலை முடிந்தால் வாடகை அறை, கைப்பேசி, தூக்கம். பேசப் பிடிக்காதவள் என்றுதான் நானே நினைத்திருந்தேன்.

அப்படிப்பட்டவள் மெர்போக் பக்கம் இருக்கும் ஒரு சின்ன அருங்காட்சியகத்தின் புரவலர் குழுவில் போய்ச் சேர்ந்தாள். உடைந்த பானை ஓட்டைப் பார்ப்பதற்குச் சந்தா கட்டுகிறாளே, புத்தி பேதலித்துவிட்டதா என்று நான் கத்தினேன். அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. சனிக்கிழமை வந்தால் விடியும்போதே கிளம்பிவிடுவாள். கையுறை மாட்டிக்கொண்டு, மண்ணிலிருந்து எடுத்த ஓடுகளைப் பல் துலக்கும் பிரஷால் தேய்ப்பார்களாம். பிறகு எல்லாரும் ஒரே மேசையில் நுரை பொங்க ஆற்றிய தே தாரேக் டீ குடித்துக்கொண்டு, அந்தப் பானையில் என்ன சமைத்திருப்பார்கள் என்று சண்டை போடுவார்களாம்.

"அக்கா, அங்க என்கிட்ட 'நீ என்ன நெனைக்கிற'ன்னு கேக்குறாங்கக்கா" என்பாள். முகமெல்லாம் பல். எனக்கு எரிச்சலாக இருந்தது. உண்மையைச் சொன்னால், கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

அந்தக் குழு ஒரு விஷயத்தில் மகா கறார். காட்சிப் பொருளை வெறுங்கையால் தொட்டால் அன்றோடு உறவு முடிந்தது. ஒரு வக்கீல் பழைய பாசிமணியை எடுத்துக் கழுத்தில் வைத்துப் படம் பிடித்தார், நீக்கிவிட்டார்கள். நாம் அழைத்துப் போகும் ஆள் தொட்டாலும் நமக்குத்தான் அதே கதி.

அதனால்தான் குழுவின் குடும்ப நாளுக்கு அம்மாவைக் கூப்பிட வாசுகி தயங்கினாள். எங்கள் அம்மா பிச்சையம்மாள் சிடாம் கிரி ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் வெட்டியவள். "நீ கூட்டிட்டுப் போகலன்னா நான் பஸ் ஏறி வந்துருவேன்லா" என்றாள். வேறு வழி? போகும் வழி நெடுக, "எதையும் தொடாதம்மா, தொடாதம்மா" என்று வாசுகி மந்திரம் மாதிரி ஓதிக்கொண்டே காரை ஓட்டினாள்.

கூடத்துக்குள் போனதும் அவள் ஆளே மாறிவிட்டாள். நாலு பேரை நிற்க வைத்து, பாசிமணி எந்தக் கடல் தாண்டி வந்தது என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினாள். அட, இது நம் வாசுகிதானா என்று நான் வாயைப் பிளந்து நின்றேன். அந்த நேரத்தில்தான் அம்மாவைக் காணோம்.

மூலையில், கண்ணாடிக்கு வெளியே, நீர் வழிவதற்கு மூக்கு வைத்த ஒரு பழைய பீடம். அதன்முன் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறாள். பாட்டில் தண்ணீர் முழுவதையும் ஊற்றியாகிவிட்டது. கோயில் மஞ்சளைப் பூசியாகிவிட்டது. குங்குமம் வைத்துக் கண்ணை மூடி முணுமுணுத்துக்கொண்டிருக்கிறாள். தரையெல்லாம் மஞ்சள் தண்ணீர்.

"அடிப்பாவி அம்மா! தொடாதன்னு தலபாடா அடிச்சுக்கிட்டாளே!"

"கண்ணாடிக்குள்ள இருக்கறத தொடாதன்னா. சாமியயுமா? பாவம், காஞ்சுபோய் நிக்குதுடி!"

ஓடி வந்த வாசுகியின் முகத்தில் ஈயாடவில்லை. "போச்சுக்கா, எல்லாம் போச்சு" என்றாள். அவளை அப்படிப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. பானை ஓடாவது மண்ணாவது என்று திட்டிய என் வாயை நானே நொந்துகொண்டேன்.

அருங்காட்சியக அதிகாரி சுல்கிப்லி வந்தார். கூடவே குழுத் தலைவி ரஹீமா; கோலா கெடாவில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் தமிழ் முஸ்லிம் குடும்பம். சுல்கிப்லி குனிந்து பீடத்தை விரலால் தட்டினார். அப்புறம் சிரித்தே விட்டார். "தாக் ஆப்பா லா, மாக்சிக்", பரவாயில்லை அம்மா என்று மலாயில் தேற்றினார்.

"அசல் கல்ல நேத்துதான் சுத்தம் பண்ண உள்ள கொண்டு போனாங்க" என்றார் ரஹீமா. "இது அச்செடுத்த சிமெண்டு. கண்ணு தெரியாத பிள்ளைங்க தடவிப் பாக்குறதுக்கு வச்சது. தொடறதுக்குன்னே வச்சதத் தொட்டா யார நீக்குறது? வாசுகி, அடுத்த சனிக்கிழமை சீக்கிரம் வந்துரு, நெறைய ஓடு கெடக்கு."

வாசுகி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அப்பாடா! எனக்கும் போன உயிர் திரும்பி வந்தது. துடைப்பத்தை வாங்கி நானே தண்ணீரைத் தள்ளினேன்.

"அப்படி என்னக்கா வேண்டிக்கிட்டீங்க?" என்று ரஹீமா கேட்டார்.

அம்மா கூசாமல் சொன்னாள். "இந்தப் புள்ள எங்கயும் ஒத்தையாதான் போவா, ஒத்தையாதான் வருவா. இங்கதான் இவ நாலு பேரோட சிரிச்சுப் பாத்தேன். இந்தக் கூட்டத்த விட்டு இவளப் பிரிச்சிராத தாயின்னு கேட்டேன்."

வாசுகி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அது வெறும் சிமெண்டும்மா" என்றாள்.

"சிமெண்டுன்னா என்னடி? நம்ம எஸ்டேட்டு மாரியாத்தாளும் சிமெண்டுதான். கேட்டது கெடச்சிருச்சுல்ல?"