அமெரிக்கப் பழைய ரோட்டில் என் சம்பந்தி திம்மராயன்

வேப்பனப்பள்ளி திம்மராயன் இறந்த செய்தியை எனக்குச் சொன்னது அவர் வீட்டார் அல்ல. கிருஷ்ணகிரி மாங்காய் மண்டி காதர் பாய்தான் விடிந்ததும் போன் செய்தார்.

"அண்ணே, நம்ம திம்மராயன் போய்ட்டாரு. தூக்கத்துலயே போயிருக்குது. உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டாங்கன்னு தெரியும். அதான் நானே கூப்புட்டேன்."

"எப்ப எடுக்கறாங்க பாய்?"

"பையன் அமெரிக்காவுலருந்து வரணுமே. நாளைக்கு சாயந்தரம் ஆவும்ங்கறாங்க. போவீங்களா?"

போவேன் என்றேன். போகலாமா என்று அவர் கேட்டிருந்தால் எனக்குப் பதில் தெரிந்திருக்காது.

மண்டியில் அவரைத் தெரிந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கு நாலு வார்த்தை சொல்லி, அதைச் சின்னப் புத்தகமாகப் போடுகிறார்கள். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்லக் காதர் பாய் எழுதிக்கொள்கிறார். இதை வாசிக்கிற உங்களில் பலர் திம்மராயனை மாங்காய்க்கு விலை பேசும்போது பார்த்திருப்பீர்கள். நான் அவரை அமெரிக்காவில், ஒரு வண்டிக்குள் வைத்துப் பார்த்தேன். எனக்கு அதைத்தான் சொல்லத் தெரியும்.

அவர் எனக்குச் சம்பந்தி. என் ஒரே பெண் அம்சாவை அவர் மகன் குமாருக்குக் கொடுத்திருந்தேன். நான் மூக்கண்டப்பள்ளியில் ஒரு வார்ப்படக் கம்பெனியில் மண் சலித்தவன். அவருக்கு மாந்தோப்பு, கிணறு, டிராக்டர் எல்லாம் உண்டு. பெண் பார்க்க வந்தபோது எங்கள் லைன் வீட்டில் உட்கார நாற்காலி போதவில்லை. அவர் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து காபி குடித்தார். "பொண்ணப் பாக்கத்தான் வந்தோம், நாற்காலியப் பாக்க வரல" என்றார். அன்றிலிருந்து சந்தோஷமாக இருந்தால் என்னைக் கன்னடத்தில் 'பீகரே' என்பார். கோபமாக இருந்தால் தமிழில் 'சம்மந்தி' என்பார். இரண்டும் ஒரே முறைதான்.

கல்யாணமாகிச் சில வருஷம் கழித்துப் பிள்ளைகள் அமெரிக்காவிலிருந்து போன் செய்தார்கள். அங்கே அறுபத்தாறாம் நம்பர் என்று பழைய காலத்து ரோடு ஒன்று இருக்கிறதாம். தேசத்தின் நடுவில் கிளம்பி மேற்குக் கடலில் போய் முடிகிறதாம். மாங்காய் சீசன் முடிந்ததும் இரண்டு வீட்டுப் பெரியவர்களும் வரவேண்டும், வீட்டு வண்டி வாடகைக்கு எடுத்து அந்த ரோடு முழுக்கப் போய் வரலாம் என்றார்கள். என் வீட்டுக்காரி அதற்கு முன்னாலேயே இறந்துவிட்டாள். திம்மராயன் வீட்டம்மாவுக்கு முட்டி வலி, ஏரோப்ளேனில் அவ்வளவு நேரம் உட்கார முடியாது. ஆகவே கிழவர்கள் இரண்டு பேர் மட்டும் போனோம்.

அந்த வண்டி நம் ஊர் மினி பஸ் அளவு இருக்கும். உள்ளே அடுப்பு, கட்டில், கக்கூஸ் எல்லாம் உண்டு. திம்மராயன் ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "சோறு ஆக்கற எடத்துலருந்து கைய நீட்டுனா கக்கூஸ் கதவு. என்னா ஊடுடா இது?" என்றார். பூசை போடாமல் வண்டி நகரக் கூடாது என்றும் சொல்லிவிட்டார். சாம்பல் பூசணி அந்தப் பக்கம் கிடைக்கவில்லை. குமார் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பூசணிக்காய் வாங்கி வந்தான். வண்டிக் கண்ணாடியில் திம்மராயன் குங்குமம் வைத்து, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, பூசணிக்காய்க்கு மேல் சூடம் ஏற்றி மூன்று சுற்றுச் சுற்றி, வண்டி வாடகைக்கு விட்டவன் கடை வாசலிலேயே போட்டு உடைத்தார். உள்ளேயிருந்து ஒரு வெள்ளைக்காரன் என்னவோ வெடித்துவிட்டது என்று ஓடி வந்தான். திம்மராயன் அவனிடம் நிதானமாகக் கன்னடத்தில், "ஏனில்லா சுவாமி, பூஜே" என்றார். ஒன்றுமில்லை சாமி, பூசைதான் என்று அர்த்தம். ஓசூர்ப் பக்கத்து ஆளுக்கு எதிரே நிற்கிறவன் தமிழன் இல்லை என்று தெரிந்தால் கன்னடம் தானாக வந்துவிடும். அமெரிக்கா முழுக்க அவர் கன்னடம்தான் பேசினார். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

மறுநாள் காலையில் சோளக் காட்டு ஓரமாக வண்டியை நிறுத்தியிருந்தோம். நான் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். திம்மராயன் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"பீகரே, போர்வையப் பாத்தீங்களா?"

"என்னா போர்வ?"

"ஆளுக்கொரு போர்வ. உங்க பொண்ணு பின்னால கட்டில்ல படுத்துது. என் பையன் டிரைவர் சீட்டுக்கு மேல இருக்கற பரண்ல படுத்தான். சரி, எடம் இல்லன்னு உட்டுருவோம். காலைல ஒண்ணுக்கொண்ணு காபி குடுத்துச்சு. இவன் தேங்க்ஸுங்கறான். அது பரவால்லங்குது."

"நல்லதுதானே சம்மந்தி."

"என்னா நல்லது? புருசன் பொண்டாட்டி சண்ட போட்டா சரி. இதுங்க ரெண்டும் மருவாதியா பேசிக்குதுங்க. இது ஆவாது."

நான் பெற்றவன். எனக்கு அது கண்ணில் படவில்லை. அவர் சொன்ன பிறகு வேறு எதுவும் கண்ணில் படவில்லை. இரண்டும் அடுத்தவர் சாமானைத் தொடும்போது கேட்டுக்கொண்டுதான் தொட்டன.

அவர் பிள்ளைகளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார்கள் என்று பயந்தார். ரோடு முடிகிற வரைக்கும் டைம் இருக்கிறது என்றார் என்னிடம். அன்றிலிருந்து அவர் வேலையெல்லாம் ரோட்டை நீட்டுவதுதான். அங்கே பக்கத்திலேயே பெரிய புது ரோடு ஓடுகிறது. அதில் ஏறினால் இரண்டு நாள் மிச்சம் என்பான் குமார். ஏறவே கூடாது என்பார் இவர். வயிற்று வலி என்பார், மூடிக் கிடக்கிற பெட்ரோல் பங்க் முன்னால் இறங்கி அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பார். போனில் வழி பார்க்கக் கூடாது, காகித வரைபடம் வாங்கு என்று அடம் பிடித்தார். அவன் ஓட்ட, அம்சா மடியில் விரித்து வைத்து வழி சொல்ல வேண்டும். அந்தச் சாக்கிலாவது பேசிக்கொள்வார்கள் என்று கணக்கு.

"லெஃப்ட் எடுக்கணும்."

"இங்கயா? அடுத்ததுலயா?"

"அடுத்தது. சாரி, இங்கதான்."

"பரவால்ல."

பின்னால் உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டே அவர் தலையில் கை வைத்துக்கொள்வார். "திட்டுடா" என்று முணுமுணுப்பார். "தப்பா வழி சொன்னா திட்டேன்டா ஒரு வாட்டி."

அந்தப் பழைய ரோடு ஒரு ஊருக்குள் நுழையும், அங்கே கடைகள் எல்லாம் பூட்டிக் கிடக்கும். அப்புறம் வயல் நடுவே போய், ஒரு வேலியில் முட்டி நின்றுவிடும். அந்தப் பக்கம் புது ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டிருக்கும். ஒருமுறை அப்படி முட்டி நின்ற இடத்தில் இறங்கி நின்று சொன்னார்: "புது ரோடு போட்டவன் இத ஒடச்சிப் போட்டிருந்தா தேவலாம். பக்கத்துலயே உட்டுட்டுப் போய்ட்டான்."

அப்புறம் மரமே இல்லாத ஒரு பொட்டல். அங்கே பழைய கார்களைத் தலைகுப்புற மண்ணில் வரிசையாக நட்டு வைத்திருக்கிறார்கள். வருகிறவர்கள் அதன்மேல் கலர் அடித்துப் பேர் எழுதிவிட்டுப் போகலாம். திம்மராயன் குமாரைப் பிடித்து, "ரெண்டு பேர் பேரையும் எழுதுடா, பெருசா" என்றார். அவன் அம்சாவைப் பார்த்தான். அவள் தலையை ஆட்டினாள். நீலத்தில் எழுதினான். எனக்கு எழுத்து தெரியாது. நீலமாக இரண்டு வரி தெரிந்தது, அவ்வளவுதான். நாங்கள் அடுத்த கார் வரைக்கும் போய்த் திரும்புவதற்குள் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் அதே இடத்தில் மஞ்சள் அடித்துக்கொண்டிருந்தது. சிரித்த முகமாக எங்களுக்குக் கையாட்டினார்கள். இவரும் கையாட்டினார். "அவங்க மேல தப்பு இல்ல. எடமே அந்த மாதிரி" என்றார். அன்று சாப்பாட்டில் ரெண்டு வாய்க்கு மேல் அவர் தொடவில்லை.

ஒரே ஒரு நாள் நம்பினார். மலைமேல் ஒரு சின்ன ஊர். அந்தக் காலத்தில் தங்கம் தோண்டியவர்கள் விட்டுவிட்டுப் போன கழுதைகளின் வாரிசுகள் நடுத்தெருவில் நிற்கின்றன. ஒரு கழுதை வண்டி ஜன்னலுக்குள் தலையை விட்டு அம்சா மடியில் இருந்த வரைபடத்தைக் கடித்துக்கொண்டது. திம்மராயன் அதனிடம் வீட்டில் பேசுகிற தெலுங்கில், அத்தனை மரியாதையாக, அதை விட்டுவிடும்படி கேட்டுக்கொண்டார். குமார் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தான். அம்சா அவன் தோளில் அடித்து, "சிரிக்காத, புடுங்குடா" என்றாள். டா என்றாள். அவர் என் தொடையைக் கிள்ளியது மூன்று நாள் கன்றிப்போய் இருந்தது. பாதி வரைபடத்தைக் கழுதை தின்றுவிட்டது. இனி வழி தெரியாது, இன்னும் லேட்டாகும் என்று அவருக்கு ஒரே சந்தோஷம்.

ஆனால் அதற்கு மேல் வரைபடமே தேவைப்படவில்லை. அங்கிருந்து பாலைவனம் தாண்டினால் கடல்தான். கடலுக்குள் நீட்டிக் கட்டிய மரப் பாலத்தில், ரோடு இதோடு முடிகிறது என்று ஒரு போர்டு வைத்திருக்கிறார்கள். எல்லாரும் அதன் கீழே நின்று போட்டோ எடுக்கிறார்கள். நாங்களும் எடுத்தோம். அப்புறம் எங்கள் இருவரையும் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுப் பிள்ளைகள் எதிரே நின்றார்கள். பிரியப்போவதாகச் சொன்னான் குமார். கோர்ட்டில் எழுதிக் கொடுத்தாகிவிட்டதாம். அதை நேரில் சொல்லத்தான் இவ்வளவு தூரம் கூட்டி வந்தார்களாம். எங்களுக்கு ஒரு நல்லது செய்துவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தார்களாம்.

"என்னம்மா சண்ட?" என்று கேட்டேன்.

"சண்டையே இல்லப்பா. பேசறதுக்கு ஒண்ணும் இல்ல. ரொம்ப நாளா இல்ல."

திம்மராயன் அம்சாவைக் கேட்டார். "இனிமே என்னை என்னான்னும்மா கூப்புடுவ?"

"மாமான்னுதான்."

"அது உன் நல்ல மனசு. முறை அப்பிடி இல்லம்மா."

ஊர் திரும்பி ஓசூர் பஸ் ஸ்டாண்டில் பிரியும்போது என் கையைப் பிடித்தார். 'பீகரே' என்று வரப்போகிறது என்று பார்த்தேன். உதடு அசைந்தது. கடைசியில், "வர்றேங்கண்ணா" என்றார். அவர் என்னைவிட இரண்டு வயது மூத்தவர்.

அதற்குப் பிறகு நான் அவர் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. என் பெண்மேல்தான் தப்பு என்று அவர் பங்காளிகள் பேசினார்கள். அவர் மண்டிக்கு வரும் நாளைக் காதர் பாய் சொல்வார். நான் பஸ் ஏறிப் போவேன். மாங்காய்க் கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்து டீ குடிப்போம். விலை பேசுவோம், மழை பேசுவோம். பிள்ளைகளைப் பற்றிப் பேசுவதில்லை. ஒருநாள் டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "குமாருக்கு ஆந்திராவுல, குப்பம் பக்கத்துல பொண்ணு பேசியிருக்குது. உங்களுக்குப் பத்திரிகை வெக்க முடியாதுங்கண்ணா." சரி என்றேன். இருவரும் டீயைக் குடித்து முடித்தோம்.

அவரை எடுக்கிற அன்று ஓசூர் பஸ் ஸ்டாண்டு ஓரத்துக் கடையில் ஒரு வேட்டி வாங்கிக்கொண்டு வேப்பனப்பள்ளிக்குப் போனேன். செத்தவர்மேல் முறைக்காரர்கள் கோடி, அதாவது புதுத்துணி, போடுவது நம் பக்கத்து வழக்கம். சம்பந்தி கோடி போடாமல் பாடை எழாது. ஊர் ஆள் வாசலில் நின்று ஒவ்வொரு முறையாகக் கூப்பிட்டார். அண்ணன் வீட்டுக் கோடி முதலில் போனது, அடுத்து மச்சான் வீட்டுக் கோடி. பிறகு, "சம்மந்தி ஊட்டுக் கோடி" என்று குரல் கேட்டது.

என் கால் தானாக ஒரு எட்டு வைத்துவிட்டது. எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொருவரும் ஒரு எட்டு வைத்தார். குப்பத்துக்காரர், குமாரின் புது மாமனார். கையில் பட்டுக் கரை வேட்டி. நல்ல மனிதர் போலத்தான் இருந்தார். என்னைப் பார்த்து வழிவிட்டு நின்றார். அவருக்கு நான் யார் என்று தெரியவில்லை. குமாருக்குத் தெரியும். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"பெரியவரே, நீங்க என்னா முறைங்க?" என்று ஊர் ஆள் கேட்டார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் யோசித்தேன். அண்ணா என்று சொல்லியிருக்கலாம், அவரே கூப்பிட்டதுதானே. ஆனால் அண்ணன் கோடி முதலிலேயே போயாகிவிட்டது, அதுவும் ரத்தத்தில் பிறந்த அண்ணன் மகன் போட்டது.

"தெரிஞ்சவன்" என்றேன்.

"தெரிஞ்சவங்கல்லாம் மாலை போடுங்க" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த முறையைக் கூப்பிட்டார். என்னிடம் மாலை இல்லை. சுடுகாடு வரைக்கும் கூட்டத்தின் கடைசியில் போய்விட்டு பஸ் ஏறினேன்.

அவருடையது என்று என்னிடம் இருப்பது அந்த வேட்டி ஒன்றுதான். சாவுக்கு எடுத்ததைக் கடைக்காரன் திரும்ப வாங்கமாட்டான். நான் கட்டவும் கூடாது, யாருக்கும் கொடுக்கவும் கூடாது. எனக்கு ஒரே பெண், அவளும் தனியாக இருக்கிறாள். நான் போகிற அன்று சம்பந்தி கோடி என்று கூப்பிட்டால் வாசலில் ஆள் இருக்காது. அதனால் அந்த வேட்டியையே என்மேல் போடச் சொல்லியிருக்கிறேன், திம்மராயன் போட்டதாக இருக்கட்டும் என்று. உயிரோடு இருக்கிறவர் கையால் வந்தால்தான் அது கோடி, இது செல்லாது என்கிறார்கள் எங்கள் தெருவில். செல்லாது என்று எனக்கும் தெரியும்.