செப்புக்குடத்தில் வந்த கடல்

நான் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்த பெண்கள் கல்லூரியின் விலங்கியல் கூடத்தில், ஜன்னலை ஒட்டி ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தது. இரண்டரை அடி நீளம். இரும்புச் சட்டத்துக்குத் தார் பூசியிருக்கும். அதற்குள் இருந்தது கடல் தண்ணீர், அடியில் பவழப்பாறைக் கற்கள். முன்பிருந்த துறைத்தலைவி ஒரு கோடை விடுமுறையைக் கடற்கரையில் கழித்துவிட்டு ஆசை ஆசையாகக் கொண்டுவந்து வைத்தது. அவர் ஓய்வுபெற்றுப் போனதும், அட்டெண்டர் நினைத்தபோது ஒரு வாளி தண்ணீரும் ஒரு பிடி இரையும் போடுவதைத் தவிர, தொட்டியை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு வருடத்தில் கண்ணாடி முழுக்கப் பாசி ஏறி, மேல் விளிம்பில் உப்பு வெள்ளைவெள்ளையாகப் பூத்து, தண்ணீர் ஒரு சாண் இறங்கி, பக்கத்தில் போனால் அழுகிய முட்டை வாடை அடிக்கும். மாணவிகள் அதற்குச் சாக்கடை என்று பெயர் வைத்திருந்தார்கள். சாக்கடைக்குப் பக்கத்து மேஜை யாருக்கு என்று சண்டை வேறு.

அறுபதுகளின் தொடக்கம் அது. மாசி மாதம் பல்கலைக்கழகக் கமிட்டி பார்வையிட வருகிறது என்று கடிதம் வந்ததும் புதுத் துறைத்தலைவி முதலில் கைகாட்டியது அந்தத் தொட்டியைத்தான். "இதைத் தூக்கி வெளியே கொட்டிடுங்க" என்றார். நான் குனிந்து, நகத்தால் பாசியைச் சுரண்டி உள்ளே பார்த்தேன். கல் இடுக்கில் கொட்டைப்பாக்கு அளவுக்குச் சுருங்கி, பூவைப் போல விரிகிற பிராணியான ஒரு கடல் சாமந்தி ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்திலேயே, ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட ஒரு கோமாளி மீன், சாமந்தியின் இதழ்களுக்குள்ளேயே குடியிருக்கிற ஜாதி. இரண்டும் உயிரோடு இருந்தன.

மூன்று மாதம் கொடுங்கள், நான் சரிசெய்து காட்டுகிறேன் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கமிட்டி வர்ற அன்னிக்கு இது நல்லா இருந்தா, கடலோர ஆராய்ச்சி நிலையத்துக்கு உங்க பேரை நானே எழுதறேன். கமிட்டியிலயும் சொல்றேன். இல்லேன்னா என்னைக் கேக்காதீங்க" என்றார். அந்த நிலையத்தில் வேலைக்குச் சேர நான் துடிப்பது அவருக்குத் தெரியும். அவர் தாராள மனசுக்காரர் இல்லை. நடக்காது என்ற தைரியத்தில் சொன்னார்.

எனக்கு அது வாழ்வா சாவா விஷயம். அப்பாவும் அம்மாவும் போன பிறகு அண்ணாதான் என்னைப் படிக்கவைத்தான். ரயில்வேயில் குமாஸ்தா. ஸ்ரீரங்கத்தில் கீழச் சித்திரை வீதியில் ஜாகை. எனக்கு இருபத்து மூன்று முடிந்தும் கல்யாணம் ஆகவில்லை என்று வீதியே அவனைத் துளைத்துக்கொண்டிருந்தது. உப்பிலியபுரம் பக்கம் ஒரு பள்ளிக்கூட வாத்தியார், மனைவியை இழந்தவர், ஜாதகம் பொருந்தியிருந்தது. நான் ஆராய்ச்சி நிலையத்தைப் பற்றிச் சொன்னபோது அண்ணா கையிலிருந்த ஜாதகத்தை மடித்து வைத்தான். பிறகு, "கெடைச்சா போ. நான் தடுக்கலை. கெடைக்கலேன்னா பங்குனியில கழுத்தை நீட்டணும்" என்றான். சரி என்றேன். ஒரு பாக்களவு ஜந்துவை நம்பி நான் கொடுத்த வாக்கு அது.

தொட்டியைச் சுத்தம் செய்வது என்றால் எல்லாரும் நினைப்பது கொட்டிக் கவிழ்த்துத் தேய்ப்பதைத்தான். அப்படிச் செய்தால் மிச்சமிருக்கும் உயிரும் போய்விடும். ரப்பர் குழாயை வாயால் உறிஞ்சி, மணலுக்கடியில் கிடந்த கறுப்புச் சேற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுத்தேன். இரண்டு முறை அது வாய்க்குள் வந்துவிட்டது. அந்த நாற்றத்தை விவரிக்க எனக்கு இஷ்டமில்லை. கண்ணாடியைத் தேங்காய் நாரால் மட்டும் தேய்த்தேன். வெயிலில் போவது தண்ணீர்தான், உப்பு போகாது. அதனால் தொட்டியில் உப்பு ஏறிக் கிடந்தது. காலையில் ஒரு டம்ளர், சாயங்காலம் ஒரு டம்ளர் என்று மழைத்தண்ணீர் விட்டு, அடர்த்திமானியைப் பார்த்துப் பார்த்துப் பத்து நாளில் அதை இறக்கினேன். துறைத்தலைவி ஒரு நாள் எட்டிப்பார்த்து, "பவழம்னா வெள்ளையா இருக்க வேண்டாமா? சோடா போட்டு அலசுங்களேன்" என்றார். விலங்கியல் முதுகலைப் பட்டம் வாங்கிய அம்மாள். நான் ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி, தொட்டிக்கு மேலே சுவரில் ஒட்டினேன். சோப்பு கூடாது. உலோகம் கூடாது. கற்களைக் குழாய்த் தண்ணீரில் கழுவக் கூடாது.

பதினைந்து நாளைக்கு ஒரு தரம் எங்கள் அட்டெண்டர் நாகப்பட்டினம் போய், பெரிய பீங்கான் ஜாடிகளில் கடல் தண்ணீர் பிடித்து ரயிலில் கொண்டுவருவார். பழைய தண்ணீரில் கொஞ்சம் எடுத்துவிட்டுப் புதுசை விடுவேன். இறால் வாங்கி வருவதும் அவர்தான். அதைப் பொடிப்பொடியாக நறுக்கிச் சாமந்திக்கு ஊட்டுவது நான். பிறந்ததிலிருந்து முருங்கைக்காய்க்கு மேல் எதையும் நறுக்காத கை. முதல் நாள் மூச்சைப் பிடித்துக்கொண்டேன், பிறகு பழகிவிட்டது. வீட்டில் மன்னிக்குத்தான் பழகவில்லை. கொல்லையிலேயே குளித்து, புடவை மாற்றி, அதன் பிறகுதான் உள்ளே நுழையலாம். என் கல்லூரிப் புடவைகளுக்குத் தனிக் கொடி. சமையல் நடக்கும் தளிகை உள்ளுக்குள் மூன்று மாதம் நான் கால் வைக்கவில்லை. அதற்காக நான் வருத்தப்பட்டதாகச் சொன்னால் பொய்.

மார்கழி கடைசியில் சாமந்தி விரிந்தது. ஒரு காலை நான் உள்ளே நுழைந்தபோது, கை அகலத்துக்கு, இளம் பச்சையும் நுனியில் ஊதாவுமாக, ஒவ்வொரு இதழும் அசைந்துகொண்டிருந்தது. நடுவில் அந்த மீன் புரண்டு புரண்டு குளித்தது. நான் ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன். அதுவரை நானாக ஆசைப்பட்டுச் செய்த ஒரு காரியமும் உருப்பட்டதில்லை.

தை மாதம் அட்டெண்டருக்கு மஞ்சள்காமாலை வந்து படுத்துவிட்டார். மிச்சமிருந்த ஜாடியிலும் விரிசல். கமிட்டி வர இருபது நாள் இருந்தது. இன்னும் ஒரே ஒரு தடவை தண்ணீர் மாற்றினால் போதும். அந்தச் சமயத்தில்தான் அண்ணா தை அமாவாசைக்குச் சேதுக்கரைக்கு சமுத்திர ஸ்நானத்துக்குப் புறப்பட்டான். ஒரு குடம் கடல் ஜலம் கொண்டுவா அண்ணா, தகர டின் மட்டும் வேண்டாம், துரு பிடிக்கும் என்றேன். அவன் முகத்தைச் சுளிக்கவில்லை என்பதே எனக்கு ஆச்சரியம்.

மூன்றாம் நாள் காலை அவன் வந்து நின்ற கோலம் இன்றும் கண்ணில் நிற்கிறது. வேஷ்டி முன்பக்கம் முழுக்க நனைந்து, உப்பு காய்ந்து விறைத்திருந்தது. கையில் அப்பாவின் செப்புக்குடம். வாயை வாழையிலையால் மூடி, துணியால் கட்டியிருந்தான்.

"தகரம் ஆகாதுன்னியே. சேதுவோட தீர்த்தம் வேற. கண்ட பாத்திரத்துல எப்படி எடுத்துண்டு வரது? அப்பாவோட குடத்தையே மன்னி புளி போட்டுத் தேச்சுக் குடுத்தா" என்றான். "வழி முழுக்க மடியிலதான் வெச்சுண்டு வந்தேன். ஒரு எடத்துலயும் கீழ வெக்கலை."

எங்களவர்களுக்குச் செம்பு உலோகம் இல்லை. வேறு ஒன்று. பெருமாள் தீர்த்தம் அதில்தான் இருக்கும், ஆசமனம் அதில்தான் நடக்கும். தகரம், இரும்பு, எவர்சில்வர் எல்லாம்தான் உலோகம். எனக்குக்கூட, டின் வேண்டாம் என்று சொன்ன வாய்க்குச் செம்பு வேண்டாம் என்று சொல்லத் தோன்றவில்லையே. ஆனால் குடத்தைப் பார்த்த கணமே எனக்குத் தெரிந்துவிட்டது. புளி போட்டுத் தேய்த்த பச்சைச் செம்பில் உப்புத் தண்ணீர் இரண்டு நாள் கிடந்தால் என்ன ஆகும் என்று நான் பாடம் எடுத்திருக்கிறேன். செம்பு கரைந்து தண்ணீரில் விஷமாக இறங்கும். மீன் தாங்கும். சாமந்தி தாங்காது.

அன்று அண்ணா தானே குடத்தைத் தூக்கிக்கொண்டு என்னோடு டவுன் பஸ்ஸில் வந்தான். நான் வேலை பார்க்கும் இடத்துக்கு அவன் வந்தது அதுவே முதல் தடவை. தொட்டி முன்னால் நின்று பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். "இதுவா? இதுக்காகவா இந்த நாத்தத்துலயே கெடந்தே?" என்று கேட்டான். குரலில் கேலி இல்லை. மீன் இதழ்களுக்குள் நுழைந்து வெளியே வந்தபோது சின்னப் பையனைப் போலச் சிரித்தான். அப்பா போன பிறகு அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

பிறகு தலையைத் தூக்கி, சுவரில் என் அட்டையைப் படித்தான்.

"உலோகம் கூடாதுன்னு போட்டிருக்கே. செப்பு பரவாயில்லையா?"

அவன் கேட்டான். கேட்கவே இல்லை என்று பல வருடம் என் மனசுக்குள் அவனைத் திட்டியிருக்கிறேன், அது அபாண்டம். கேட்டான். நான் அந்த உப்புக் கறை வேஷ்டியைப் பார்த்தேன். ஒரு குடம்தானே, இவ்வளவு தண்ணீரில் என்ன பண்ணிவிடும் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். அதை நாலு நாள் தனியே வைத்திருந்து பிறகு வெளியே கொட்டியிருக்கலாம். நாளைக்கு விடலாம் என்று ஒரு சாக்குச் சொல்லியிருக்கலாம். ஒன்றும் தோன்றவில்லை.

"செப்பு பரவாயில்லை அண்ணா" என்றேன்.

அவனே மெதுவாகச் சாய்த்து விட்டான், ஒரு சொட்டு வெளியே சிந்தாமல்.

மறுநாள் சாமந்தி பாதிதான் விரிந்தது. அதற்கு மறுநாள் வாய் வெளியே பிதுங்கித் தொங்கியது. கடல் தண்ணீர் கிடைக்குமா என்று நான் எங்கெங்கோ அலைந்துவிட்டு வருவதற்குள் அது கொழகொழவென்று கரைந்து, கல்லிலிருந்து கழன்று விழுந்துவிட்டது. கற்களில் இருந்த சின்னச் சின்னப் புழுக்களும் தங்கள் குழாய்க் கூடுகளை விட்டு வெளியே தொங்கின. எல்லாவற்றையும் ஒரு கிண்ணத்தில் வழித்தெடுத்தேன். மீன் மட்டும் வெறும் கல்லைச் சுற்றிச் சுற்றி, சாமந்தி இருந்த இடத்திலேயே உடம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தது. அதைப் பார்க்க என்னால் முடியவில்லை. பார்க்காமலும் இருக்க முடியவில்லை.

கமிட்டி வந்த அன்று தொட்டி பளபளவென்று இருந்தது. துறைத்தலைவிக்குப் பெருமை தாங்கவில்லை. வந்தவர்களில் ஒருவர் கடல் உயிரினங்களைப் படித்தவர் போலிருக்கிறது. குனிந்து பார்த்துவிட்டு, "சாமந்தி இல்லாம இந்த மீனை எதுக்கு வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார். இருந்தது, செத்துவிட்டது என்றேன். எப்படி என்றார். தண்ணீர் செப்புக்குடத்தில் வந்தது என்றேன். நிஜத்தைச் சொல்ல வேண்டிய இடத்தில் பொய்யும், பொய் சொல்லியிருக்கலாம் என்ற இடத்தில் நிஜமும் சொல்வது எனக்குக் கைவந்த கலை. அவர் நிமிர்ந்து அந்த அட்டையைப் பார்த்தார். "இது யார் எழுதினது?" என்று கேட்டார். நான்தான் என்றேன். அவர் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். எங்கள் துறைத்தலைவி எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரித்தார்.

ஆராய்ச்சி நிலையத்துக்குக் கடிதம் எழுதப்படவில்லை. நானும் போய்க் கேட்கவில்லை. அண்ணாவிடம் இடம் காலியில்லையாம் என்று சொன்னேன். அவன் எனக்காகக் கோபப்பட்டான். "எல்லாம் சிபாரிசு. நாம சேதுத் தீர்த்தமே கொண்டுவந்து ஊத்தினாலும் அவா கண்ணுக்குத் தெரியாது" என்று வீதியில் பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னான். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

பங்குனியில் கல்யாணம். உப்பிலியபுரத்துக்குப் புறப்படும் அன்று, சீர் சாமான்களோடு அந்தச் செப்புக்குடத்தையும் அண்ணா வண்டியில் ஏற்றினான். மன்னி புளி போட்டுத் தேய்த்து வைத்திருந்தாள். அப்பாவின் குடம், அவன் எனக்கு மனசாரக் கொடுத்தான்.

"இதுல ஜலம் பிடிச்சு வெச்சா, பூச்சி பொட்டு எதுவும் உசிரோட இருக்காதுடீ" என்றான்.

"தெரியும் அண்ணா" என்றேன்.