ஒடேசா கவிழ்த்து வைத்த அட்டை

ஹார்லெமில் ஒடேசாவை அம்மா என்று கூப்பிட்டவர்கள் பதினோரு பேர். ஒருவரையும் அவள் பெறவில்லை. ஆண்பிள்ளை என்று வளர்க்கப்பட்டு, பெண்ணாக நிமிர்ந்தவள் அவள். தன்னைப் போலவே வீட்டை விட்டுத் துரத்தப்பட்டவர்களைக் கூட்டிவந்து சோறு போட்டு, டெவரோ என்ற தன் குடும்பப் பெயரையும் கொடுத்தாள். அலங்கார நடைப்போட்டி எங்கே நடந்தாலும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் மேடையேறுவார்கள். லாரூ போல வேறு குடும்பங்களும் உண்டு; ஒவ்வொன்றுக்கும் தலைவியாக ஓர் அம்மா.

அவர்களில் யாரித்ஸா மேல் அவளுக்கு உயிர். பேருந்து நிலையத்தில் காய்ச்சலோடு சுருண்டு கிடந்தவளைத் தோளில் தாங்கிக் கொண்டுவந்தவள் அல்லவா!

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழாம் ஆண்டுப் போட்டியன்று காலையில் யாரித்ஸாவின் முகத்துக்கு ஆவி காட்டி, கவுன் கொக்கிகளை ஒடேசாவே மாட்டிவிட்டாள்.

"அம்மா, மூச்சு முட்டுது."

"ரெண்டு தட்டு கோழி தின்னா முட்டாம என்னடி செய்யும்?"

யாரித்ஸா சிரித்தாள். கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அன்று ஐந்து நடுவர்களில் ஒடேசாவும் ஒருத்தி. ஒரே ஒருவர் பத்து போடாவிட்டாலும் ஆள் வெளியே. சொந்தப் பிள்ளை வந்தால் மட்டும் தாய் மதிப்பெண் போடக் கூடாது, அட்டையைக் கவிழ்த்துவிட வேண்டும். முக அழகுப் போட்டிக்கு யாரித்ஸா வந்து நின்றதும் ஒடேசா பூரித்துப்போய் அட்டையைக் கவிழ்த்தாள்.

"லாரூ குடும்பத்தோட புது அம்மா, யாரித்ஸா லாரூ!" என்று கத்தினான் அறிவிப்பாளன். பிறகு ஒடேசா பக்கம் திரும்பினான். "ஒடேசாம்மா, அட்டையை எடுங்க. இவ இப்ப உங்க பிள்ளை இல்லையே."

முகத்தில் பூச்சு இருக்கக் கூடாது; அதைப் பார்க்க நடுவர்தான் கன்னத்தைத் துடைக்க வேண்டும். ஒடேசா வெள்ளைத் துணியை எடுத்தாள்.

"காலைல வாய் எங்கடி போச்சு?"

"சொன்னா விட்டிருப்பியா? அங்க நான் தலைவிம்மா. உன் வீட்ல சாகற வரைக்கும் பிள்ளைதான்."

"கேட்டுப் பாத்தியாடி?"

யாரித்ஸா மறு கன்னத்தைக் காட்டினாள். துணியில் ஒரு பொட்டு அழுக்கில்லை. அந்த முகத்துக்கு ஒன்பது போட ஒடேசாவுக்குக் கை வராது. பத்தைத் தூக்கிப் பிடித்தாள்.

ஜெயித்த கோப்பையோடு ஓடிவந்தாள் யாரித்ஸா. "அம்மா! நீ என்னைக் கைவிட மாட்டேன்னு தெரியும்!"

"மூஞ்சிக்குப் போட்டேன், உனக்கு இல்ல. எனக்கு ஒடேசான்னு பேரிருக்கு. இனிமே அதைச் சொல்லிக் கூப்பிடு."

பிறகு அறிவிப்பாளன் பக்கம் திரும்பி, "அடுத்த ஆளைக் கூப்பிடுய்யா" என்றாள்.