டீசல் குடிக்க மறுத்த வண்டி

பங்கில் டீசல் போடும் பெண்ணுக்கு என் வண்டியைக் கண்டாலே முகம் சுருங்கிப் போகும். காலை ஐந்தரைக்கே அங்கே வரிசை நிற்கும். என் முறை வந்ததும் அவள் குழாயை டேங்க் வாயில் செருகி அழுத்துவாள். அரை லிட்டர் உள்ளே போவதற்குள் 'டக்' என்று தானாக நின்றுவிடும். மறுபடி அழுத்துவாள், மறுபடி 'டக்'. கொஞ்சம் வேகமாக விட்டால் டீசல் நுரைத்துக்கொண்டு வெளியே வந்து அவள் கையிலும் என் சட்டையிலும் தெறிக்கும். பின்னால் ஆட்டோக்காரர்கள் ஹாரனிலேயே கை வைத்துக்கொண்டிருப்பார்கள்.

"அண்ணா, உன் வண்டி வந்தாலே எனக்கு கை நோவுது. வேற பங்கெல்லாம் மூடிட்டாங்களா இன்னா?" என்றாள் ஒரு நாள்.

வேறு பங்குகளுக்கும் போய்ப் பார்த்தாயிற்று. எங்கே போனாலும் இதே கதைதான்.

எனக்குத் தொழில் இட்லி மாவு. மந்தைவெளியில் வாடகைக்கு எடுத்த இரண்டு அறைகளில் நானும் மனைவியும் அரைக்கிறோம். கவர் கட்ட இரண்டு பெண்கள் வருகிறார்கள். கட்டின கவர்களை ட்ரேயில் அடுக்கி, சின்ன பிக்கப் வண்டியில் ஏற்றி, மயிலாப்பூர், அடையாறு, தி.நகர் கடைகளுக்குப் போடுவோம். காலை ரவுண்டு என்னுடையது. சாயங்கால ரவுண்டு என் மச்சானுடையது, அதாவது மனைவியின் தம்பி. ஏழு வருஷமாக அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. மாவு பொறுமையில்லாத சரக்கு. பங்கில் அரை மணி நேரம் போனால் தி.நகர் போய்ச் சேர்வதற்குள் வெயில் ஏறி, ஊசித் துளை போட்ட கவர்கூடப் பந்தாக உப்பிவிடும். உப்பின கவரை எந்தக் கடைக்காரரும் வாங்கமாட்டார்.

மாட வீதிப் பக்கம் கடை வைத்திருக்கும் மாமி ஒரு கவரை மூக்கருகே கொண்டுபோய்விட்டுக் கீழே வைத்தார்.

"ஏம்ப்பா, மாவு கவர்ல டீசல் வாடை அடிக்கறதே? நேத்திக்கு எங்காத்துலயே யாரும் இட்லியைத் தொடலை. இப்படிக் கொண்டு வந்தா நான் வேற ஆள்கிட்டதான் மாவு சொல்லியாகணும்."

கை கழுவிவிட்டுத்தான் ட்ரேயைத் தொட்டேன் மாமி என்றேன். மாமி என் சட்டையைப் பார்த்தார். அது இன்னும் மோசம்.

இத்தனைக்கும் காரணம் யார் என்று எனக்கு முதல் நாளே தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். டேங்க் மக்கர் செய்யத் தொடங்கியதற்கு இரண்டு நாள் முன்னால் மச்சான் தி.நகரில், மழைநீர் கால்வாய்க்காகத் தோண்டிப் போட்டிருந்த கல்மேட்டில் வண்டியை ஏற்றிவிட்டான். அவனாகத்தான் வந்து சொன்னான்: "மாமா, அடியில டம்முனு ஒண்ணு இடிச்சிச்சி." சொல்லாமல் இருந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கப்போவதே இல்லை. சொன்னதுதான் அவன் செய்த தப்பு.

டேங்க் நிரம்பாமல் நான் சட்டையெல்லாம் டீசலாக வந்து நின்ற மூன்றாம் நாள், கவர் கட்டும் பெண்கள் முன்னால், அவன் அக்கா முன்னால், கத்தினேன்.

"கண்ண எங்கடா வச்சிக்கினு ஓட்டின? டேங்கையே நசுக்கி வச்சிருக்கியே! ஓசி வண்டின்னா இப்படித்தான் ஓட்டுவ."

அந்த 'ஓசி' என்ற வார்த்தை தேவையே இல்லை. இந்த வண்டியை வாங்க என்னோடு வெயிலில் கடை கடையாக அலைந்தவன் அவன். எனக்குக் கோபம் வந்தால் வாய் முன்னால் போகும், புத்தி நொண்டிக்கொண்டு பின்னால் வரும். அவன் சாவியைக் கிரைண்டர் மேல் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனான். சாயங்காலம் வந்துவிடுவான் என்று நினைத்தேன். வரவில்லை. ஒரு வாரத்தில் பெருங்குடியில் ஏதோ ஐ.டி. கம்பெனிக்கு ஸ்டாஃப் கார் ஓட்டுகிறான் என்று தெரிந்தது.

அதற்குப் பிறகு இரண்டு ரவுண்டும் என் தலையில். காலையில் போட்டுவிட்டு வந்து, அரிசி ஊறவைத்து, அரைத்து, கட்டி, மறுபடி மாலை வண்டி ஏறுவேன். சாப்பிடும்போதே கண் சொக்கும். இதற்கு நடுவில் தினமும் டேங்கோடு மல்லுக்கட்டு. குழாயைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்துப் பார்த்தேன். பாதி வெளியே இழுத்து வைத்துப் பார்த்தேன். வண்டியின் ஒரு பக்கச் சக்கரத்தை நடைபாதையில் ஏற்றி, சாய்த்து நிறுத்திப் பார்த்தேன். கேனில் வாங்கி வந்து புனல் வைத்துச் சொட்டுச் சொட்டாக ஊற்றினேன். அப்போதும் கெட்டவார்த்தை பேசுவதுபோல குபுக் குபுக் என்று திருப்பித் துப்பியது.

தெரு முனை மெக்கானிக் அடியில் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தார். "கீறல் கீது. உள்ள நசுங்கிருக்கும். டேங்க்கதான் மாத்தணும்" என்றார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதைக் கேட்டதும் எனக்கு ஒரு திருப்தி வந்தது. டேங்க் மாற்ற வேண்டுமே என்ற கவலையைவிட, நான் சொன்னது சரியாகப் போயிற்று என்ற திருப்தி. வீட்டில் போய் அதை இரண்டு தரம் சொன்னேன். மனைவி உளுந்தைக் களைந்துகொண்டே இருந்தாள்.

பொங்கல் வந்தது. ஏழு வருஷத்தில் ஒரு தரம்கூட அவன் அக்காவுக்குச் சீர் கொண்டுவராமல் இருந்ததில்லை. கரும்பு, மஞ்சள் கொத்து, புடவை எல்லாவற்றையும் தோளில் சுமந்துகொண்டு, வாசலிலேயே "அக்கா!" என்று கத்திக்கொண்டு வருவான். இந்தப் பொங்கலுக்குச் சீர்ப் பணம் போனில் வந்தது. 'டிங்' என்று சத்தம் கேட்டு அவள் போனை எடுத்துப் பார்த்தாள். பார்த்துவிட்டு அதைக் கவிழ்த்து வைத்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. யாரும் குலவையிடவில்லை.

"ஒரு டேங்க்குக்காக எந்தம்பிய தொலைச்சிட்டியேயா" என்றாள் அன்று மத்தியானம். அதற்குப் பிறகு என்னிடம் மாவு, அரிசி, கவர் தவிர வேறெதுவும் பேசவில்லை.

புது டேங்க்குக்குக் கையில் பணமில்லாமல் தை பாதிவரை தள்ளினேன். இனி முடியாது என்ற நிலையில், ஈக்காட்டுத்தாங்கலில் டேங்க், ரேடியேட்டர் வேலை மட்டும் பார்க்கும் ஒரு பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோனேன். அங்கே இருந்தவருக்கு என்னைவிட வயது குறைவு. காதில் பாட்டு மாட்டிக்கொண்டு வேலை செய்துகொண்டிருந்தார். நான் சொன்ன நீண்ட கதையில் பாதியைத்தான் கேட்டிருப்பார். வண்டியை ஜாக்கியில் தூக்கி, அடியில் போய்ப் படுத்தார்.

"டேங்க்குல ஒண்ணும் அடி இல்லயே. இடிச்சது சேசிஸ்ல. டேங்க்க தொடவே இல்ல" என்று அடியிலிருந்து குரல் வந்தது.

அப்புறம் அவர் சிரிக்கும் சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது அவர் கையில் ஒரு துணி உருண்டை இருந்தது. எண்ணெயும் சேறும் ஏறிக் கறுத்துப்போயிருந்தது. அதைச் சுற்றி சைக்கிள் டியூபைக் கிழித்துக் கட்டின கட்டு.

"டேங்க் மேலேருந்து ஒரு சின்ன குழா வருது பாருங்க, அதுல சொருகி கட்டி வச்சிருக்காங்க. அதான் டேங்க்கோட மூச்சுக் குழா. டீசல் உள்ள போவணும்னா உள்ள கீற காத்து வெளிய வரணும்ல? வர்ற வழிய அடைச்சிட்டா அது இன்னா பண்ணும்? டீசலத்தான் திருப்பித் தள்ளும்."

"அப்ப வண்டி எப்படி ஓடிக்கினு இருந்திச்சி?"

"டேங்க் மூடில ஒரு வால்வு கீது. அது காத்த உள்ள உடும், வெளிய உடாது. அதனால ஓடுறதுக்கு ஒண்ணும் இல்ல, ரொப்பறதுக்குத்தான் பேஜாரு." துணியை ஆட்டிக் காட்டினார். "ஆமா, எவன்யா இந்த வேலய பாத்தது?"

அந்தக் கட்டைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. உளுந்து மூட்டைக்கு நான் போடும் அதே கட்டு, இரண்டு சுற்று, ஒரு மடிப்பு. வாயைத் திறந்தேன்.

"எம் மச்சான்" என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய்யில்லை. வாய் பழகிப்போயிருந்தது. அவர் துணியை என் கையில் கொடுத்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார். நான் அதை வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு வெள்ளத்தில் வண்டி முழுகி, அந்தக் குழாய் வழியாக டேங்க் முழுக்கத் தண்ணீர் புகுந்துவிட்டது. அதிலிருந்து புயல் என்று செய்தி வந்தால் எனக்கு ஒரு வேலை உண்டு. ஊரே காரை மேம்பாலத்தில் கொண்டுபோய் விடும்போது நானும் விடுவேன். விடுவதற்கு முன் சைலன்சர் வாயில் மாவுக் கவரைக் கட்டுவேன், மூச்சுக் குழாயைத் துணியால் அடைப்பேன். வேறு யாரையும் தொடவிடமாட்டேன். இந்தக் கார்த்திகைப் புயலுக்கும் அப்படித்தான் அடைத்தேன். தண்ணீர் வடிந்து கரண்ட் வந்ததும் எல்லாக் கடைக்காரர்களும் ஒரே நேரத்தில் மாவு கேட்டார்கள். சைலன்சர் கவரை அவிழ்த்தேன், ஓடினேன். துணி அப்படியே இருந்துவிட்டது. புயலுக்கு முன்பே டேங்க் நிரப்பியிருந்ததால் சில நாள் அது தெரியவும் இல்லை. மாவு மூச்சுவிட வேண்டும் என்று கவருக்குக் கவர் ஊசியால் துளை போடுகிறவன் நான்.

திரும்பும் வழியில் பங்கில் நிறுத்தினேன். அந்தப் பெண் அலுப்போடு குழாயைச் செருகினாள். டீசல் நிற்காமல் போனது. "அட, யாருண்ணா சரி பண்ணது?" என்று வாயைப் பிளந்தாள். எனக்குச் சந்தோஷமே வரவில்லை. உடம்பெல்லாம் அசதியாக இருந்தது.

மனைவியிடம் துணியைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன்.

"எங்கிட்ட சொல்லி இன்னா? அவங்கிட்ட போய் சொல்லு" என்றாள்.

அன்று மத்தியானமே போனேன். பெருங்குடியில் அவன் கம்பெனிக்கு எதிரே ஒரு டீக்கடை. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கழுத்தில் அட்டை தொங்க வந்தான். கொஞ்சம் இளைத்திருந்தான்.

"வா மாமா. அக்கா நல்லா கீதா?"

"கீதுடா." அதற்குமேல் எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் துணியை எடுத்து மேஜையில் வைத்தேன். "மூச்சுக் குழால இது இருந்திச்சி. புயலுக்கு நான்தான் சொருகினேன். எடுக்க மறந்துட்டேன். உம்மேல தப்பே இல்லடா."

அவன் துணியைத் தொடவில்லை.

"தெரியும் மாமா."

"தெரியுமா?"

"அன்னிக்கு இடிச்சதுமே எறங்கி அடியில பாத்தேன். டேங்க்குக்கு ஒண்ணும் ஆவல. இத்தயும் பாத்தேன். நீ கட்டினத நான் அவுத்தா உனக்குப் புடிக்காது, அதான் உட்டுட்டேன். அப்புறம் டீசல் ஏறலன்னதும் சொல்லலாம்னுதான் வந்தேன். அதுக்குள்ள நீ ஆரம்பிச்சிட்ட."

"அப்புறமாச்சும் ஒரு போன் பண்ணி சொல்லியிருக்கலாம்லடா?"

அவன் டீ கிளாஸைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தான். குரலில் கோபமே இல்லை.

"சொன்னா டேங்க் சரியாயிடும் மாமா. நீ எம்மேல வேற ஒண்ணு கண்டுபுடிச்சிப்ப. ஏழு வருசமா அப்படித்தான?"

இல்லை என்று சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் அவன் எதிரே உட்கார்ந்துகொண்டு இன்னொரு பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

"இன்னிக்குக் காலைலகூட, எவன் இத செஞ்சதுன்னு மெக்கானிக் கேட்டாரு. நீதான்னு சொல்லிட்டேன்டா."

அவன் சிரித்தான். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலையாக இருந்திருக்கும்.

"பாத்தியா" என்றான்.

எதிரே கம்பெனி வாசலில் யாரோ அவன் காரைத் தேடிக் கையாட்டினார்கள். எழுந்து சட்டையைச் சரி செய்துகொண்டான். அக்காவைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னான். இரண்டடி போனவன் திரும்பினான்.

"மணி மூணாவுது. சாயங்கால ரவுண்டுக்கு கெளம்பு மாமா."

அவன் ரவுண்டு அது. நான் கிளம்பினேன்.